எல்லையைத் திறந்துவிட்டால் உள்ளூர்க் கூலி என்ன ஆகும்? வருகிறவர் நிலை என்ன ஆகும்?

கேட்கப்பட்ட கேள்வி இது: வேலை தேடி வருகிற யாரையும் தடுக்கக் கூடாது, நாடுகள் எல்லையைத் திறந்துவிட வேண்டும் என்று சில பொருளியல் பேராசிரியர்கள் சொல்கிறார்களே, அப்படிச் செய்தால் உள்ளூர்த் தொழிலாளி நடுத்தெருவுக்கு வந்துவிட மாட்டாரா? என் வீட்டுக்குள் யாரை விடுவது என்று முடிவு செய்ய எனக்கு உரிமை இருக்கிறது, அதேபோல நாட்டுக்கும் இருக்காதா?

கூலியைப் பற்றிய பயம் முழுப் பொய் இல்லை, ஆனால் ரொம்பவே ஊதிப் பெருக்கப்பட்டது. எத்தனை பேரை உள்ளே விடுவது என்பதைப் பற்றி நடக்கிற சண்டையில் அதைவிட முக்கியமான ஒன்று காணாமல் போகிறது: வருகிறவர் எந்த உரிமையோடு வருகிறார்? பிடிக்காத முதலாளியை விட்டுவிட்டு அடுத்த இடத்துக்குப் போக அவரால் முடியுமா? என் பதில் முழுக்க இதைச் சுற்றித்தான் வரும்.

முதலில் கூலி. இந்த விஷயத்தில் பொருளியலாளர்கள் முப்பது ஆண்டுக்கும் மேலாகத் திரும்பத் திரும்பப் போய் நிற்கிற ஊர் அமெரிக்காவின் மயாமி. 1980 ஏப்ரலில் கியூபத் தலைநகர் ஹவானாவில் இருந்த பெரு நாட்டுத் தூதரக வளாகத்துக்குள் சில நாட்களில் பத்தாயிரம் பேர் புகுந்து அடைக்கலம் கேட்டார்கள். போக விரும்புகிறவர்கள் மாரியேல் துறைமுகம் வழியாகப் போய்க்கொள்ளலாம் என்று ஃபிடல் காஸ்ட்ரோ அறிவித்துவிட்டார். அக்டோபருக்குள் ஏறத்தாழ 1,25,000 பேர் மீன்பிடிப் படகிலும் உல்லாசப் படகிலுமாக ஃபுளோரிடாவில் போய் இறங்கினார்கள். பெரும் பகுதியினர் மயாமியிலேயே தங்கியதால் அந்த நகரத்தின் மொத்தத் தொழிலாளர் எண்ணிக்கை சில மாதங்களுக்குள் சுமார் 7 சதவீதம் கூடியது. வந்தவர்களில் அதிகம் படிக்காதவர்களே மிகுதி. பாடப்புத்தகக் கணக்குப்படி கூலி விழுந்திருக்க வேண்டும்.

பொருளியலாளர் டேவிட் கார்டு 1990-இல் வெளியிட்ட ஆய்வில் மயாமியை அட்லாண்டா, ஹூஸ்டன், லாஸ் ஏஞ்சலஸ் போன்ற நகரங்களோடு ஒப்பிட்டுப் பார்த்தார். கறுப்பினத்தவர், வெள்ளையர், முன்பே வந்திருந்த கியூபர்கள் என்று எவர் கூலியிலும் சொல்லிக்கொள்ளும்படியான சரிவு இல்லை. கார்டுக்குப் பின்னாளில் நோபல் பரிசும் கிடைத்தது. ஆனால் விஷயம் அதோடு முடியவில்லை. கால் நூற்றாண்டு கழித்து இன்னொரு பொருளியலாளர் ஜார்ஜ் போர்ஹாஸ் அதே தரவைத் திரும்பக் கிளறினார். அவரே சிறுவயதில் ஹவானாவிலிருந்து அமெரிக்கா வந்து சேர்ந்தவர் என்பது இதில் ஒரு வேடிக்கை. பள்ளிப்படிப்பை முடிக்காத, ஹிஸ்பானியர் (ஸ்பானிய மொழி நாடுகளின் வம்சாவளியினர்) அல்லாத, 25 முதல் 59 வயது வரையிலான ஆண்களை மட்டும் தனியே எடுத்துப் பார்த்தால் கூலி 10 முதல் 30 சதவீதம் வரை விழுந்திருக்கிறது என்றார். இப்படிச் சல்லடை போட்டுச் சலித்த பிறகு மிஞ்சுகிறவர்கள் ஒரு கைப்பிடி ஆட்கள், அதே ஆண்டுகளில்தான் அந்தக் கணக்கெடுப்பில் கறுப்பின ஆண்களின் பங்கும் கூடியது, சராசரி இறங்கியதற்கு அதுவே காரணமாக இருக்கலாம் என்று மற்றவர்கள் மறுத்தார்கள். சண்டை இன்னும் ஓயவில்லை.

எனக்கு இதில் படுவது: போர்ஹாஸ் சொல்வதை அப்படியே ஏற்றுக்கொண்டாலும் அடி விழுவது ஒரு குறுகிய பிரிவினர்மேல்தான், ஒட்டுமொத்தத் தொழிலாளர்கள்மேல் அல்ல. பல ஆய்வுகள் ஒத்துப்போகிற இடமும் ஒன்று உண்டு. புதிதாக வருகிறவரால் அதிகம் அடிபடுவது அவருக்கு முன் வந்தவர்தான். அதே வேலை, அதே அரைகுறை மொழி, அதே வாடகை வீட்டுக்கான போட்டி. உள்ளூர்க்காரர் பெரும்பாலும் மொழி தெரிந்தால்தான் செய்யக்கூடிய வேலைக்கு நகர்ந்துவிடுகிறார். வந்தவரும் சாப்பிடுகிறார், வீடு எடுக்கிறார், செல்போன் வாங்குகிறார். அவர் செலவு இன்னொருவருக்கு வேலை. இத்தனை வேலைதான் உலகத்தில் உண்டு, அதை இத்தனை பேர் பங்கு போட வேண்டும் என்கிற கணக்கு அடிப்படையிலேயே தவறு.

எதிர்த்திசையிலும் ஒரு சோதனை நடந்தது. அதைப் பற்றி நம் பக்கம் அதிகம் பேசப்படுவதில்லை. இரண்டாம் உலகப் போரில் ஆள் பற்றாக்குறை வந்தபோது, 1942-இல், அமெரிக்கா மெக்சிகோவோடு பிராசெரோ திட்டம் என்ற ஒப்பந்தத்தைப் போட்டது. அடுத்த இருபத்திரண்டு ஆண்டுகளில் 45 லட்சத்துக்கும் மேற்பட்ட பருவகால ஒப்பந்தங்களில் மெக்சிகோ விவசாயக் கூலிகள் போய் வந்தார்கள். எந்த நிலைமையில் போனார்கள் என்பதற்கு ஒரு புகைப்படமே சாட்சி. 1956-இல் டெக்சாஸின் ஹிடால்கோ வரவேற்பு மையத்தில் எடுத்தது. வரிசையாக ஆண்கள் நிற்கிறார்கள். முகமூடி போட்ட ஓர் அதிகாரி டிடிடி மருந்தை ஓர் ஆளின் முகத்துக்கு நேராகவே அடிக்கிறார். கலிஃபோர்னியாவின் லெட்டூஸ் வயல்களில் கையில் கொடுத்தது இரண்டடிக்கும் குறைவான காம்பு போட்ட களைக்கொத்து. நாள் முழுக்க குனிந்தே நிற்க வேண்டும். நீளக் காம்பு போட முடியாதா என்றால் முடியும். ஆனால் குட்டைக் காம்பாக இருந்தால் யார் நிமிர்ந்து நிற்கிறான் என்று மேஸ்திரிக்குத் தூரத்திலிருந்தே தெரிந்துவிடும். அந்தக் கருவியைக் கலிஃபோர்னியா 1975-இல்தான் தடை செய்தது.

இவர்கள் வந்துதான் அமெரிக்க விவசாயக் கூலியின் சம்பளம் ஏறவில்லை என்று சொல்லி 1964 முடிவில் திட்டத்தை இழுத்து மூடினார்கள். கிட்டத்தட்ட ஐந்து லட்சம் பேருக்குக் கதவு அடைபட்டது. கூலி ஏறியதா? பொருளியலாளர் மைக்கேல் கிளெமென்ஸும் அவரோடு சேர்ந்தவர்களும் மாநில வாரியாகக் கணக்குப் பார்த்தார்கள். பிராசெரோக்கள் நிறைய இருந்த மாநிலங்களில், இல்லாத மாநிலங்களைவிடக் கூலி வேகமாக ஏறவில்லை. தக்காளி விவசாயிகள் ஆளைத் தேடுவதை விட்டு இயந்திரத்தை வாங்கிவிட்டார்கள். கலிஃபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தில் அறுவடை இயந்திரமும் அது பறித்தாலும் நசுங்காத கெட்டித்தோல் தக்காளியும் ஏற்கெனவே தயாராக இருந்தன. சில ஆண்டுகளுக்குள் கலிஃபோர்னியாவில் பதப்படுத்தப் போகிற தக்காளி ஏறக்குறைய முழுவதும் இயந்திர அறுவடைக்கு மாறிவிட்டது. இயந்திரம் கிடைக்காத சில பயிர்களை விதைப்பதையே குறைத்தார்கள்.

இங்கே ஒரு நெருடல் உண்டு, அதை மறைத்தால் நியாயமாகாது. பிராசெரோ திட்டம் ஒழிய வேண்டும் என்று போராடியவர்களில் முக்கியமானவர் விவசாயத் தொழிலாளர் தலைவர் சீசர் சாவேஸ். அவரே மெக்சிகோ வம்சாவளி. வேலைநிறுத்தம் என்று ஆரம்பித்தால் முதலாளிகள் பிராசெரோக்களை இறக்கி உடைத்துவிடுவார்கள் என்பது அவர் அனுபவம். திட்டம் மூடிய ஓராண்டுக்குள், 1965 செப்டம்பரில், டெலானோ திராட்சைத் தோட்டங்களில் புகழ்பெற்ற வேலைநிறுத்தம் தொடங்கியது. அப்படியானால் சாவேஸ் சொன்னது சரிதானே என்று கேட்கலாம். பாதி சரி. அவருக்குத் தடையாக இருந்தவர்கள் மெக்சிகோக்காரர்கள் என்பதால் தடையாக இல்லை. வேலைநிறுத்தத்தில் சேர்ந்தால் அன்றே ஊருக்கு அனுப்பப்படுவோம் என்ற நிலையில் இருந்தவர்கள் அவர்கள். ஒப்பந்தத்தில் எழுதிய பண்ணையை விட்டுப் பக்கத்துப் பண்ணைக்குக்கூடப் போக முடியாதவர்கள். விலக முடியாத ஆளோடுதான் உள்ளூர்த் தொழிலாளி போட்டிபோட முடியாமல் தோற்கிறார்.

இனி வீட்டு உவமைக்கு வருகிறேன். கேட்பதற்கு நன்றாக இருக்கிறது, ஆனால் பொருந்தவில்லை. என் வீட்டில் யாரைச் சேர்ப்பது என்று நான் முடிவு செய்கிறேன், சரி. என் எதிர்வீட்டுக்காரர் தன் மாடியை யாருக்கு வாடகைக்கு விடுகிறார், கடைத்தெரு முதலாளி யாரை வேலைக்கு எடுக்கிறார் என்பதை நான் முடிவு செய்ய முடியுமா? குடியேற்றச் சட்டம் செய்வது அதைத்தான். வேலை கொடுக்கத் தயாராக ஒருவர், செய்யத் தயாராக ஒருவர், நடுவில் அரசு வந்து கையை நீட்டித் தடுக்கிறது. தடுப்பதற்குக் காரணம் இருக்கலாம். ஆனால் காரணம் சொல்ல வேண்டிய பொறுப்பு தடுக்கிறவருக்குத்தான் உண்டு. ஜோசஃப் கேரன்ஸ் என்ற அரசியல் தத்துவப் பேராசிரியர் 1987-இல் இதை இன்னும் காரமாகச் சொன்னார்: பணக்கார நாட்டுக் குடியுரிமை என்பது நிலப்பிரபுத்துவக் காலத்துப் பிறப்புரிமைக்குச் சமம். பிறந்த இடத்தை வைத்து வாழ்நாள் வருமானம் பல மடங்கு வேறுபடுவதை ஏற்றுக்கொண்டு, பிறந்த சாதியை வைத்து வேறுபடுவதை மட்டும் அநீதி என்று எப்படிச் சொல்வது? நம் ஊரில் பிறந்த யாருக்கும் அந்த வாதத்தை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

இதற்கு எதிரான வாதங்களில் கனமானது இன்னொரு அரசியல் தத்துவ அறிஞர் மைக்கேல் வால்சருடையது. ஒரு சமூகம் தன் உறுப்பினர் யார் என்று தானே தீர்மானிக்க முடியாவிட்டால் அங்கே பொதுவாழ்க்கை என்று ஒன்று நிலைக்காது என்றார் அவர். எல்லையை மூட விரும்புகிறவர்கள் அவரை மேற்கோள் காட்டுவார்கள், அடுத்த பக்கத்தை விட்டுவிடுவார்கள். உள்ளே விட்டு வேலை வாங்கிவிட்டால் அவருக்குக் குடியுரிமைக்கான வழியையும் திறந்தாக வேண்டும், இல்லாவிட்டால் அது குடிமக்கள் சேர்ந்து நடத்துகிற கொடுங்கோன்மை என்றும் அதே வால்சர்தான் எழுதினார். பண்டைய ஏதென்ஸில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தும் அந்நியராகவே இருந்த மெட்டிக்குகளை உதாரணம் காட்டினார்.

இதற்கு நேர் எதிர் முனையில் அமெரிக்கப் பொருளியலாளர் மில்டன் ஃப்ரீட்மன். சுதந்திரச் சந்தையின் பெரிய பூசாரியான அவர், நலத்திட்டம் தருகிற அரசும் கட்டற்ற குடியேற்றமும் ஒன்றாக இருக்க முடியாது என்றார். மெக்சிகோவிலிருந்து சட்டவிரோதமாக வருவது நல்லதுதான், சட்டவிரோதமாக இருக்கிற வரைக்கும் என்றும் ஒரு பேச்சில் சொன்னார். உழைப்பு வேண்டும், அந்த ஆளுக்கு ஆஸ்பத்திரியும் ஓய்வூதியமும் வேண்டாம். வெளிப்படையாகச் சொன்னதற்காகவாவது அவரைப் பாராட்டலாம். பல அரசுகள் சொல்லாமல் செய்வது இதுதான்.

வளைகுடாவைப் பாருங்கள். ஐக்கிய அரபு அமீரகத்திலும் கத்தாரிலும் வசிப்பவர்களில் பத்துக்கு ஏறத்தாழ ஒன்பது பேர் வெளிநாட்டவர். எண்ணிக்கையை மட்டும் வைத்துப் பார்த்தால் உலகத்திலேயே எல்லையை அகலத் திறந்து வைத்திருக்கிற நாடுகள் அவை. ஸ்வீடனோ கனடாவோ கிட்டவே வர முடியாது. எப்படி முடிகிறது? வந்தவருக்கு அங்கே வேர்விட உரிமை கிடையாது. விசா கஃபீல் என்கிற பொறுப்பாளியின் பெயரோடு கட்டப்பட்டது. வேலை மாற வேண்டுமானால் அவர் 'ரிலீஸ்' என்கிற விடுவிப்புக் கடிதம் தர வேண்டும் என்பதே நெடுங்காலம் விதியாக இருந்தது. ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கம் போய்ப் பேசினால் இந்தச் சொல்லை வீட்டுக்கு வீடு கேட்கலாம்: "சம்பளம் நாலு மாசமா வரலை, வேற இடத்துல கூப்பிடுறான், இவன் ரிலீஸ் தரமாட்டேங்கிறான், பாஸ்போர்ட் கம்பெனி லாக்கர்ல இருக்கு." கத்தார் 2020-இல் இந்த அனுமதி விதியைச் சட்டத்திலிருந்து எடுத்தது. சட்டத்தில் எடுத்தது எல்லாக் கம்பெனி லாக்கருக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். சிங்கப்பூரில் வொர்க் பெர்மிட்டில் போனவர் அந்த நாட்டுக் குடிமகளைத் திருமணம் செய்யவே மனிதவள அமைச்சகத்தின் அனுமதி வேண்டும்.

ஆனாலும் ஆட்கள் போகிறார்கள், கடன் வாங்கி ஏஜெண்டுக்குக் கட்டிவிட்டுப் போகிறார்கள். 2022-லிருந்து இந்தியாவுக்கு வெளிநாட்டிலிருந்து வருகிற பணம் ஆண்டுக்கு 10,000 கோடி டாலரைத் தாண்டுகிறது. மார்ட்டின் ரூஸ், பிராங்கோ மிலனோவிச் போன்ற பொருளியலாளர்கள் இதை வைத்து ஒரு சங்கடமான வாதத்தை முன்வைக்கிறார்கள்: உரிமை கூடக் கூட நாடுகள் ஆள் எண்ணிக்கையைக் குறைக்கின்றன. எல்லா உரிமையும் கொடு என்று அடம்பிடித்தால் கதவே மூடிவிடும், நஷ்டம் ஏழை நாட்டுக்காரனுக்கு. ஆகவே குறைந்த உரிமையோடு நிறையப் பேரை விடுவதே மேல் என்கிறார்கள்.

இதை உதறித் தள்ள முடியவில்லை. ஏனென்றால் வளைகுடா இல்லாவிட்டால் நம் கடலோர மாவட்டங்களில் எத்தனை கல்வீடுகள் எழுந்திருக்கும்? எத்தனை பெண்கள் கல்லூரிக்குப் போயிருப்பார்கள்? ஆனால் எல்லா உரிமையும் ஒரே தரத்தில் இல்லை. ஓட்டுரிமை பத்து ஆண்டு தள்ளிப்போகலாம். நலத்திட்டம் சில ஆண்டு வரி கட்டிய பிறகு கிடைக்கலாம். அவற்றைப் பேரம் பேசலாம். வேலையை விட்டு விலகி இன்னோர் இடத்தில் சேர்கிற உரிமையைப் பேரம் பேசக் கூடாது. அதைப் பறித்தால் வந்தவரும் அழிகிறார், அவரால் உள்ளூர்க்காரர் கூலியும் விழுகிறது. அதோடு, தள்ளிப்போடுகிற உரிமைக்குத் தேதி குறித்துவிட வேண்டும். தேதி குறிக்காமல் விட்டால் என்ன நடக்கும் என்பதற்கு இலங்கை மலையகம் இருக்கிறது. காப்பிக்கும் தேயிலைக்கும் என்று நூறு ஆண்டுக்கு மேலாகக் கொண்டுபோய் இறக்கிய தமிழர்களின் பேரன் பேத்திகளை 1948-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் ஒரே வீச்சில் நாடற்றவர்கள் ஆக்கியது. 1964-இல் சிறிமாவும் சாஸ்திரியும் உட்கார்ந்து 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்துக்கொண்டார்கள். மீதி ஒன்றரை லட்சம் பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டார்கள்.

முழு உரிமையோடு திறந்து பார்த்த உதாரணம் ஐரோப்பா. 2004 மே 1-ஆம் தேதி போலந்து உட்படப் பத்து நாடுகள் ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்தன. பிரிட்டன், அயர்லாந்து, ஸ்வீடன் மூன்றும் முதல் நாளே வேலைச் சந்தையைத் திறந்தன. ஜெர்மனி 2011 வரை இழுத்தது. பிரிட்டனுக்கு ஆண்டுக்கு 5,000 முதல் 13,000 பேர்தான் கூடுதலாக வருவார்கள் என்று ஓர் ஆய்வு கணித்திருந்தது, ஜெர்மனியும் திறக்கும் என்ற அனுமானத்தில். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2001-இல் 58,000 ஆக இருந்த போலந்தில் பிறந்தவர் எண்ணிக்கை 2011-இல் 5,79,000.

இங்கிலாந்தின் லிங்கன்ஷயரில் பாஸ்டன் என்று ஒரு சின்ன ஊர், முட்டைக்கோசும் காலிஃபிளவரும் விளைகிற பகுதி. 2011-இல் அங்கே ஏறத்தாழ பத்தில் ஒருவர் புதிய ஒன்றிய நாடுகளிலிருந்து வந்தவர். 2016 வாக்கெடுப்பில் நாட்டிலேயே அதிகமாக, 75.6 சதவீதம், ஒன்றியத்தை விட்டு வெளியேறவே வாக்களித்தது. இத்தனைக்கும் ஐரோப்பியக் குடியேறிகள் வாங்குவதைவிட அதிகமாக வரி கட்டினார்கள் என்று அரசின் ஆலோசனைக் குழுவே 2018-இல் சொன்னது. வரி லண்டன் கஜானாவுக்குப் போனது. வாடகை ஏறியதும், டாக்டரைப் பார்க்கக் காத்திருப்பு நீண்டதும், வகுப்பில் பிள்ளைகள் கூடியதும் பாஸ்டனில். இந்த நெருக்கடிக்கென்று 2009-இல் ஒரு தனி நிதியை ஆரம்பித்தார்கள். அடுத்த ஆண்டு வந்த அரசு சிக்கனம் என்று அதை மூடிவிட்டது. திறந்த எல்லைக்காக வாதாடுகிறவர்கள் இந்த இடத்தைத் தாண்டிக் குதித்துப் போய்விடுகிறார்கள். லாபம் நாட்டுக்கு, பாரம் ஒரு தெருவுக்கு என்றால் அந்தத் தெரு ஒருநாள் கணக்கைத் தீர்க்கும்.

அப்படித் தீர்த்து, பிரிட்டன் ஒன்றியத்தை விட்டு வெளியேறிய பிறகு என்ன ஆனது? முதியோரைப் பராமரிக்க ஆள் இல்லை. 2022-இல் பராமரிப்புப் பணியாளர்களுக்கு விசாவைத் திறந்தார்கள். கேரளத்திலிருந்தும் தமிழ்நாட்டிலிருந்தும் நைஜீரியாவிலிருந்தும் போனார்கள். நினைத்த இடத்தில் வேலை பார்த்த போலந்துக்காரருக்குப் பதிலாக, ஸ்பான்சரோடு கட்டப்பட்ட விசாவில் வந்தவர்கள். ஸ்பான்சரின் உரிமம் ரத்தானால் 60 நாளுக்குள் வேறு ஸ்பான்சரைப் பிடிக்க வேண்டும். லட்சக்கணக்கில் பணம் வாங்கிக்கொண்டு வேலையே தராத கம்பெனிகள் முளைத்தன. 2025 ஜூலையில் வெளிநாட்டிலிருந்து புதிதாக எடுப்பதையே நிறுத்தினார்கள். வந்தவர்களில் போனவர்களைக் கழித்தால் கிடைக்கிற நிகரக் குடியேற்றம் மட்டும் 2023 வாக்கில் ஒன்பது லட்சத்தைத் தொட்டிருந்தது, வாக்கெடுப்புக்கு முன் இருந்ததைப் போல இரண்டு மடங்குக்கும் மேல்.

திறந்தால் எல்லோரும் வந்துவிடுவார்களே என்ற பயத்துக்குச் சுருக்கமாக: போர்ட்டோ ரிக்கோக்காரர்கள் 1917 முதல் அமெரிக்கக் குடிமக்கள், விமானச் சீட்டு வாங்கினால் போதும். இன்று தீவில் இருப்பவர்களைவிட அமெரிக்காவில் வாழும் போர்ட்டோ ரிக்கோ வம்சாவளியினர் அதிகம், ஆனாலும் முப்பது லட்சத்துக்கு மேல் தீவிலேயே இருக்கிறார்கள். நாமே 1950 ஒப்பந்தத்திலிருந்து நேபாளத்துக்கு எல்லையைத் திறந்துதான் வைத்திருக்கிறோம். எல்லா நாடும் எல்லையைத் திறந்தால் உலக உற்பத்தி இரட்டிப்பாகும் என்கிற பெரிய மதிப்பீடுகளை மட்டும் நான் அப்படியே நம்புவதில்லை. அந்த அளவு இடப்பெயர்வை உலகம் பார்த்ததே இல்லை. அதெல்லாம் காகிதக் கணக்கு.

இந்தியாவுக்குள் பாருங்கள். அரசியல் சட்டத்தின் 19-ஆவது பிரிவு எங்கும் போகவும் குடியேறவும் உரிமை தருகிறது. 1960-களில் பம்பாயில் 'மதராஸி'களை விரட்டச் சொல்லி சிவசேனை கிளம்பியபோது அடிவாங்கியவர்களில் நம்மவர்கள் உண்டு. இன்று திருப்பூரில் பீகார்க்காரரைப் பற்றி நாம் சொல்கிற குறைகள் எல்லாம் அன்று நம்மைப் பற்றி அங்கே சொன்னவைதான். இங்கேயும் நடமாட்டம் சுதந்திரம், உரிமை கூடவே வருவதில்லை. ரேஷன் அட்டையும் ஓட்டும் பெரும்பாலும் சொந்த ஊரிலேயே கிடந்தன. 2020 ஊரடங்கில் நெடுஞ்சாலையில் அத்தனை பேர் நடந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

என் வாதத்துக்கு உண்மையான சோதனை அசாம். கிழக்கு வங்காளத்திலிருந்து வந்தவர்களைப் பார்த்து அங்கே மக்கள் பயந்தது கூலிக்காக அல்ல, மொழியும் நிலமும் கைவிட்டுப் போகும் என்று. சிறிய மொழிச் சமூகத்துக்கு அந்தப் பயம் நியாயமானது, லண்டனுக்குச் சொல்கிற பதிலை அவர்களுக்குச் சொல்ல முடியாது. வருகையின் வேகத்தைக் கட்டுப்படுத்தக் கேட்கும் உரிமை அவர்களுக்கு உண்டு என்றே நினைக்கிறேன். ஆறு ஆண்டுப் போராட்டத்துக்குப் பிறகு 1985 ஒப்பந்தம் ஒரு வழி கண்டது: 1966 ஜனவரிக்கும் 1971 மார்ச் 24-க்கும் இடையில் வந்தவர்கள் அந்நியர் என்று கண்டறியப்பட்டால் பத்து ஆண்டு ஓட்டு மட்டும் கிடையாது. மற்ற உரிமைகள் எல்லாம் உண்டு, பத்து ஆண்டு முடிந்ததும் முழுக் குடிமக்கள். குடியுரிமைச் சட்டத்தின் 6ஏ பிரிவாக அமைந்த இதை 2024 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் நான்குக்கு ஒன்று என்று உறுதிசெய்தது. ஆட்களை அனுப்பாமல், உரிமையை நிரந்தரமாகப் பறிக்காமல், உள்ளூர்க்காரருக்கும் அவகாசம் கொடுத்த ஏற்பாடு அது. 1971-க்குப் பிறகு வந்தவர்களுக்கு அந்த ஒப்பந்தம் அப்படி எதுவும் யோசிக்கவில்லை. 2019 ஆகஸ்டில் வெளியான குடிமக்கள் பதிவேட்டில் 19 லட்சம் பேர் விடுபட்டார்கள், அவர்கள் எந்த நாட்டு ஆள் என்ற கேள்வி தொங்கலில் விடப்பட்டது.